4. பை கட்டும் முன் குளியலறைக்குப் போங்கள்

மழைச்சட்டை வாங்கும்போது அதன் கையில் ஒரு சின்னச் சீட்டு தொங்கும். 10,000 மி.மீ. என்று போட்டிருக்கும். அது என்ன கணக்கு என்று கேட்டால், "எவ்வளவு மழை வந்தாலும் தாங்கும் சார்" என்பார் கடைக்காரர். எண் பொய்யில்லை. துணியை இறுக்கிப் பிடித்து அதன்மேல் தண்ணீரின் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள். எத்தனை உயரத் தண்ணீர் ஏறியதும் மறுபக்கம் துளி எட்டிப்பார்க்கிறதோ அதுதான் அந்த எண். 10,000 என்றால் பத்து மீட்டர் உயரத் தண்ணீரைத் துணி தாங்கியிருக்கிறது. ஆனால் அப்படித் தாங்கியது வெறும் துண்டுத் துணி. பையின் வார் அழுத்தும் தோள் தையல், ஜிப், கழுத்து வழியாக முதுகில் இறங்கும் தாரை எதுவும் அந்தக் கணக்கில் வராது.

மலையேற்றப் பொருள்களின் மேல் அச்சிட்டிருக்கும் எண்கள் பெரும்பாலும் குளிர்ந்த, காய்ந்த மலைகளை மனதில் வைத்து வந்தவை. மேற்குத் தொடர்ச்சி மலையில் நம்மைப் படுத்துவது விடாத ஈரமும் சொந்த வேர்வையும். ஆகவே சீட்டைப் படித்துவிட்டுச் சோதனையை நீங்களே செய்துகொள்ளுங்கள். குளியலறை, மாடிப்படி, மொட்டை மாடி, சமையலறைத் தராசு, பழைய செய்தித்தாள் இவ்வளவு போதும். கிளம்புவதற்கு முந்தின இரவு இதை ஆரம்பிக்காதீர்கள். பொருளைக் கடையில் திருப்பிக் கொடுக்க நாள் இருக்கும்போதே செய்யுங்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

மழைச்சட்டை

நனைந்தால் பளிச்சென்று நிறம் மாறுகிற சாம்பல் அல்லது வெளிர்நீலப் பருத்திச் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். அதன்மேல் மழைச்சட்டையை மாட்டி, தண்ணீர் நிரப்பிய பையையும் தோளில் ஏற்றிக்கொண்டு ஷவருக்கு அடியில் பத்து நிமிடம் நில்லுங்கள். ஷவர் இல்லாத வீட்டில் ஒருவர் வாளியும் குவளையுமாக உதவ வேண்டும். குழந்தைகள் இந்த வேலைக்கு ஆசையாக வருவார்கள். சும்மா நின்றால் போதாது. கையை மேலே தூக்குங்கள், பாறையைப் பிடித்து ஏறுகிறவர் மாதிரி. குனியுங்கள். தலையை இரு பக்கமும் திருப்புங்கள்.

கழற்றிப் பார்த்தால் உள்சட்டையில் ஈரம் ஒரு வரைபடம் போட்டிருக்கும். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு பட்டை இருந்தால் கைப்பட்டி இறுகவில்லை. தோளின் மேல் கோடாக ஈரம் இருந்தால் தையலை மூடும் உள்நாடா உரிந்திருக்கிறது. சட்டையை உள்பக்கம் திருப்பி நகத்தால் சுரண்டிப் பாருங்கள், எழுந்து வரும். நெஞ்சின் நடுவே நேர்க்கோடு என்றால் ஜிப். கழுத்தைச் சுற்றி மட்டும் என்றால் தலைமூடி உங்கள் தலைக்குப் பொருந்தவில்லை. பல தலைமூடிகள் ஹெல்மெட்டுக்கு மேல் போடத் தைத்தவை, நம் தலைக்குப் பெரிது.

எங்கும் ஈரமில்லை என்றால் மறுநாள் இன்னொரு சோதனை. அதே உள்சட்டை, அதே மழைச்சட்டை, துளித் தண்ணீர் கிடையாது. பையோடு மாடிப்படியில் கால் மணி நேரம் ஏறி இறங்குங்கள். பெரும்பாலும் சட்டையைப் பிழியலாம்.

'மூச்சுவிடும் துணி' என்று சொல்லித்தானே விற்றார்கள்? சீட்டில் இரண்டாவதாக ஒரு எண் இருக்கும். ஒரு சதுர மீட்டர் துணி வழியாக ஒரு நாளில் எத்தனை கிராம் நீராவி வெளியேறும் என்ற கணக்கு அது. 1969-இல் அமெரிக்காவில் பாப் கோர் டெஃப்லானைச் சட்டென்று இழுத்து நீட்டிப் பார்த்தபோது, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் கொண்ட சவ்வு கிடைத்தது. அதுதான் கோர்டெக்ஸ். தண்ணீர்த் துளி நுழைய முடியாது, நீராவி நுழையும். ஆனால் நீராவி தானாக வெளியே ஓடிவிடாது. உள்ளே ஈரப்பதம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் நகரும். ஜூலை மாதம் வால்பாறைப் பக்கம் சின்னக்கல்லாறிலோ நீலகிரியின் அவலாஞ்சியிலோ வெளியிலும் காற்று நீர் கோத்து நிற்கிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த மாதிரி இடத்தில் ஏற்றத்தில் நடந்தால் இருபதாயிரம் ரூபாய்ச் சட்டைக்குள்ளும் நனைவோம். "சட்டை ஒழுகுகிறது" என்று திட்டுகிறவர்களில் பலர் வேர்வையில் நனைந்தவர்கள். இரண்டு சோதனையும் செய்தவருக்கு எது மழை, எது வேர்வை என்று தெரிந்திருக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். புதுச் சட்டையின் மேல் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். நாளாக ஆக மேல்துணி தண்ணீரைக் குடித்துக் கறுத்துப் போகும். உள்ளே ஒழுகாவிட்டாலும் அந்த ஈரப் படலம் நீராவியின் வழியை அடைத்துவிடும். வாசனைத் திரவம், மென்மையாக்கும் திரவம் எதுவும் சேர்க்காமல் அலசி, நன்றாகக் காயவைத்து, தையலில் உள்ள குறிப்பு அனுமதித்தால் மேலே ஒரு துணி விரித்து இளஞ்சூட்டில் இஸ்திரி போடுங்கள். பல சட்டைகள் மறுபடி முத்து உருட்டும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை, காட்டுக்குள் மரங்களுக்கு அடியில் நடக்கிற பாதைகளுக்கு என் தேர்வு முழங்கால் வரை வரும் போன்சோவும் ஒரு குடையும். இரண்டிலும் கீழிருந்து காற்று புகும். வால்பாறையிலும் கூடலூரிலும் கொழுந்து பறிக்கும் பெண்களைப் பாருங்கள். நாள் முழுக்க மழையில் நிற்கிறவர்கள். இடுப்பைச் சுற்றி பிளாஸ்டிக் படுதா, தலையில் கொங்காடை. சீட்டு எதுவும் தொங்காது. ஆனால் மரமில்லாத புல்வெளி முகட்டில் காற்று அடித்தால் குடை ஒரு நிமிடத்தில் கம்பியாகிவிடும், போன்சோ முகத்தில் ஒட்டும். அங்கேயும், இமயத்தில் மரக்கோட்டுக்கு மேலேயும், மழைச்சட்டைதான்.

காது

இந்த மாதிரி நூல்களை ஆங்கிலத்தில் புரட்டினால் பாதிப் பக்கம் வேட்டைக்காரருக்கு ஒதுக்கியிருப்பார்கள். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு அந்தப் பக்கங்கள் கிழிக்கப்பட்டுவிட்டன. துப்பாக்கி, சுருக்குக் கண்ணி, வெட்டுக்கத்தி எதையும் பையில் வைத்துக்கொண்டு வனத்துறைச் சாவடியில் விளக்கம் சொல்ல நிற்காதீர்கள். ஆனால் வேட்டைக்காரர்கள் பொருளைச் சோதிக்கும் ஒரு வழக்கம் நமக்கும் வேண்டியது. துணியை வாங்கும் முன் காதருகே வைத்துத் தேய்த்துப் பார்ப்பார்கள்.

சரசரக்கும் சட்டையோடு போனால் வரையாட்டின் முதுகைத்தான் பார்க்கலாம். இது சுவைக் குறைவு மட்டும்தான். யானைக்காட்டில் ஆபத்து. யானை பக்கத்தில் நிற்பதைப் பெரும்பாலும் கண் சொல்வதில்லை. மூங்கில் முறிகிற சத்தமும் தொண்டையின் உறுமலும்தான் சொல்லும். தலைமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு நடக்கிறவருக்கு மழை துணியில் விழும் படபடப்பைத் தவிர வேறெதுவும் கேட்காது. வீட்டிலேயே பாருங்கள்: தலைமூடியைப் போட்டுக்கொண்டு அறைக்குள் நடங்கள், பின்னாலிருந்து ஒருவர் சாதாரணக் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். எத்தனை அடி தூரத்தில் கேட்காமல் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு யானைப்பாதையில் தொப்பி போதும் என்று முடிவெடுப்பீர்கள்.

பை

பைக்கு மழையுறை ஒன்று சேர்த்தே தருவார்கள். அது பாதிச் சமாதானம். உங்கள் முதுகுக்கும் பைக்கும் நடுவே உறை கிடையாது. முதுகில் வழிகிற தண்ணீர் நேராகப் பைக்குள் இறங்கும். பையில் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, உறை போட்டு, தோளில் மாட்டிக்கொண்டு அதே ஷவரில் நில்லுங்கள். பிறகு தாள்களை வந்த வரிசையில் எடுத்துத் தரையில் வையுங்கள். மேல்தாள் காய்ந்திருக்கும். முதுகுப் பக்கத் தாளில் கறுப்பாக ஒரு திட்டு படர்ந்திருக்கும். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த தாள் ஊறிக் கூழாகியிருக்கும், ஏனென்றால் உறையின் அடிக்குழிவில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. பெரும்பாலோர் அடியில் வைப்பது தூங்குபையை!

மருந்து எளிது. பைக்குள் கெட்டியான பெரிய பாலித்தீன் பை ஒன்றை இறக்கி, அதற்குள் எல்லாவற்றையும் வைத்து, வாயை முறுக்கி மடித்துக் கட்டுங்கள். உர மூட்டைக்குள் வருகிற உள்பையைக் கழுவி எடுத்துக்கொண்டாலும் சரி, இருபது ரூபாயில் முடிந்துவிடும். உறையை வீட்டில் விட்டுவிடலாம்.

எடையைச் சோதிக்கப் பையில் அரிசியை நிரப்புங்கள். முழு எடையை ஒரே நாளில் ஏற்றாமல், ஐந்து கிலோவில் தொடங்கி உங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை கூட்டிக்கொண்டு போங்கள். இடுப்பு வார் எலும்பின் மேல் உட்கார வேண்டும். தோள் வாரைத் தளர்த்திவிட்டாலும் பை கீழே சரியாமல் நின்றால் அளவு சரி. கடையில் காலிப் பையை மாட்டிக் கண்ணாடி பார்ப்பதில் எதுவும் தெரியாது.

காலணி

பரணில் மூன்று நான்கு வருடம் கிடந்த பழைய மலையேற்றக் காலணியை எடுத்துத் துடைத்தால் புதிதாகவே தெரியும். நம்பாதீர்கள். அடிப்பாகத்துக்கும் மேற்பாகத்துக்கும் நடுவில் உள்ள மெத்தை பல காலணிகளில் பாலியுரேத்தேன். வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் காற்றின் நீரே அதை மெல்ல உடைத்துவிடும். சென்னை, தூத்துக்குடி பரண்களில் இது வேகமாக நடக்கும். போட்டு நடந்தால் கெடுவதைவிடப் போடாமல் வைத்தால் கெடுவது அதிகம். வீட்டு வாசலில் ஒன்றும் தெரியாது. முதல் நாள் இறக்கத்தில் அடிப்பாகம் முழுசாகக் கழன்று வாயைப் பிளக்கும். சோதனை: மெத்தையின் பக்கவாட்டில் கட்டை விரலால் அழுத்துங்கள். குழி விழுந்து திரும்பாவிட்டாலோ, பொடி உதிர்ந்தாலோ, வெடிப்பு தெரிந்தாலோ குப்பைக்கு. பிழைத்தால் அதைப் போட்டுக்கொண்டு ஒரு வாரம் கடைத்தெருவுக்குப் போய்வாருங்கள். ஈ.வி.ஏ. மெத்தைக்கு இந்த வியாதி இல்லை.

புதிதாக வாங்குகிறவர் நீர்புகாக் காலணி என்றதும் மயங்குவார். ஓடையில் இறங்கினால் தண்ணீர் மேல்வாய் வழியாகத்தான் வரும். உள்ளே வந்த தண்ணீரை அந்தச் சவ்வு வெளியே விடாது. வாளியில் காலணியை முக்கி எடுத்துப் போட்டுக்கொண்டு அரை மணி நடந்து பாருங்கள். வலைத்துணிக் காலணி கொஞ்ச நேரத்தில் சளக் சளக் என்பதை நிறுத்தும். நீர்புகாக் காலணி மறுநாள் காலையிலும் ஈரமாக இருக்கும். அருவிகளும் ஓடைகளும் குறுக்கிடும் பாதைக்கு வலைத்துணி, பனியும் குளிரும் உள்ள பாதைக்கு நீர்புகாதது. கேரள எல்லைக் காடுகளில் வனக்காவலர்கள் பலர் பச்சைக் கேன்வாஸ் ஷூவிலேயே காலம் தள்ளுவதைப் பார்க்கலாம்.

அளவு பார்ப்பது மாலையில், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில். மலைக்குப் போடுகிற காலுறையோடு. மாடிப்படியில் வேகமாக இறங்குங்கள். பெருவிரல் முன்னால் முட்டினால் அரை அளவு பெரிதாக வாங்க வேண்டும். ஏற்றம் யாருடைய நகத்தையும் கறுக்கவைப்பதில்லை, இறக்கம்தான்.

அட்டைப்பூச்சியைத் தடுக்கக் காலுக்குத் தனி உறை வேண்டும். சாதாரணக் கம்பளிக் காலுறையின் கண்ணி வழியாக அட்டை நூலாக மெலிந்து நுழைந்துவிடும். முழங்கால் வரை வரும் அட்டையுறை நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் இருக்க வேண்டும். துணியை இழுத்துப் பிடித்துக் கைப்பேசி விளக்கை அடியில் வைத்துப் பாருங்கள். ஒளி புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் வேண்டாம். மூக்குப்பொடி, உப்பு, டெட்டால் எல்லாம் காய்ந்த நாளில் வேலை செய்யும், மழை கழுவிவிடும். கடித்த அட்டையின் மேல் உப்பு போட்டாலும் நெருப்பு வைத்தாலும் அது உள்ளே இருப்பதைக் காயத்திலேயே கக்கும். நகத்தை வாய்க்கு அடியில் பக்கவாட்டில் செலுத்தித் தள்ளிவிடுங்கள். ரத்தம் சிறிது நேரம் நிற்காது. அது உறையாதபடி அட்டை ஒரு பொருளைச் செலுத்தியிருக்கிறது; அழுத்திக் கட்டினால் போதும்.

தண்ணீரும் அடுப்பும்

நுண்குழல் வடிகட்டி இப்போது எல்லார் பையிலும் இருக்கிறது. 0.1 மைக்ரான் துளை பாக்டீரியாவையும் அமீபாவையும் நிறுத்தும். மஞ்சள் காமாலை வைரஸ்களை நிறுத்தாது. மேலே ஊரோ தோட்டக் குடியிருப்போ இருக்கிற ஓடை என்றால் வடிகட்டிய பிறகு கொதிக்கவையுங்கள் அல்லது குளோரின் மாத்திரை போடுங்கள். கொதி வந்த பிறகு ஒரு நிமிடம். 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். வடிகட்டி உடைந்திருக்கிறதா என்று பார்க்க, அதை நனைத்து ஒரு முனையில் வாய் வைத்து ஊதுங்கள். காற்று போகக் கூடாது. போனால் உள்ளே குழல் அறுந்திருக்கிறது. ஒருமுறை பயன்படுத்தி ஈரமான வடிகட்டி இமயத்தில் ஓர் இரவு உறைந்தால் போதும், தெரியாமலேயே அறுந்துவிடும். இரவில் தூங்குபைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுப்பைத் தமிழ்நாட்டுக் காட்டுக்குள் எடுத்துப் போகவே வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணியின் காட்டுத்தீயில் 23 பேர் இறந்தார்கள். அதன் பிறகு விதிகள் இறுகிவிட்டன, கோடைக்காலத் தீப் பருவத்தில் பாதைகளையே மூடுகிறார்கள். இமயத்துக்குப் போகிறவர்கள் மட்டும் சமையலறைத் தராசை எடுத்துக்கொள்ளுங்கள். எரிவாயு டப்பாவை நிறுத்து, ஒரு லிட்டர் கொதிக்கவைத்து, மறுபடி நிறுத்துப் பாருங்கள். 10 முதல் 15 கிராம் குறைந்தால் சரி. இதை வைத்து எத்தனை டப்பா வேண்டும் என்று கணக்குப் போடலாம். மேலே காற்றும் குளிரும் கூடுதலாகத் தின்னும், கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். டப்பாவில் எழுதியிருப்பதையும் படியுங்கள். வெறும் பியூட்டேன் 0 டிகிரியை ஒட்டி வாயுவாக மாற மறுத்துவிடும். ஐசோபியூட்டேன் –12 வரை தாங்கும், புரொப்பேன் –42 வரை. விலை குறைந்த நீளமான டப்பாக்களில் இருப்பது பெரும்பாலும் முதல் வகை. விமானத்தில் எந்த டப்பாவும் ஏற்ற முடியாது. இறங்கிய ஊரில்தான் வாங்க வேண்டும்.

விளக்கு, தூங்குபை, கூடாரம்

நெற்றி விளக்கின் பெட்டியில் '40 மணி நேரம்' என்றிருக்கும். அந்தக் கணக்கு, ஒளி பத்தில் ஒரு பங்காக மங்குகிற வரைக்கும். முதல் நிமிடத்துப் பளிச்சும் நாற்பதாவது மணி நேரத்து மின்மினியும் ஒரே எண்ணுக்குள் இருக்கின்றன. வெள்ளியங்கிரியில் இரவெல்லாம் ஏறுகிறவருக்கு இது முக்கியம். மாலை ஏழு மணிக்கு முழு ஒளியில் போட்டு, இருட்டறையில் செய்தித்தாள் படிக்க முடியாமல் போகும் நேரத்தைக் குறியுங்கள். அதுதான் உங்கள் விளக்கின் ஆயுள்.

தூங்குபையில் மூன்று வெப்பநிலை போட்டிருப்பார்கள், கடையில் மிகக் குறைந்ததைச் சொல்லித்தான் விற்பார்கள். அந்தக் கடைசி எண் உயிர் தப்பலாம் என்பதற்கு, தூங்கலாம் என்பதற்கு அல்ல. 'கம்ஃபர்ட்' எண்ணை மட்டும் பாருங்கள். நம் மழைக்காட்டில் இறகுப்பை ஈரம் பட்டுக் கட்டிதட்டினால் கதகதப்பு போய்விடும். செயற்கைப் பஞ்சு கனம் என்றாலும் ஈரத்திலும் கொஞ்சம் காப்பாற்றும்.

கூடாரத்தை மழை வருகிற ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் அடியுங்கள். தரையில் முளை இறங்காது, ஆகவே கயிறுகளைச் செங்கல்லில் கட்டுங்கள். ஒரு முறை வெளிச்சத்தில், ஒரு முறை இருட்டில், நெற்றி விளக்கோடு. முழு இரவும் அதற்குள்ளேயே படுங்கள். காலையில் உள்கூரை ஈரமாக இருந்தால் உடனே ஒழுகுகிறது என்று முடிவு கட்டாதீர்கள், விரலால் தொடுங்கள். கூரை முழுக்கச் சீராகப் பனித்திருந்தால் அது உங்கள் மூச்சு, காற்றுவழியைத் திறந்து வைக்க வேண்டும். ஒரே இடத்தில் சொட்டியிருந்தால் தையல். நைலான் கூரை நனைந்தால் தொய்யும்; நள்ளிரவில் ஒருமுறை எழுந்து கயிறுகளை இழுத்துக் கட்ட வேண்டியிருக்கும், அதையும் மாடியிலேயே பழகிவிடுங்கள். மடித்து வைத்த கூடாரத்தைப் பிரிக்கும்போது பிசுபிசுப்பும் புளித்த வாடையும் வந்தால் உள்பூச்சு பிரிகிறது என்று பொருள். காலணி மெத்தையைத் தின்ற அதே ஈரம்தான். ஈரத்தோடு மடித்துப் பரணில் போட்டவர் யாரும் தப்பியதில்லை. நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, உறைக்குள் இறுக்கித் திணிக்காமல் தளர்வான துணிப்பையில் வையுங்கள்.

இத்தனையும் சோதித்த பிறகும் வழியில் ஏதாவது கிழியும். பையில் இவை இருக்கட்டும்: தங்கூசி ஒரு சிறு சுருள், தடித்த ஊசி ஒன்று, துணி நாடா, ஃபெவிக்விக் ஒன்று, பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய இரண்டு விரல் அகல வளையங்கள் நான்கு. காலணியின் அடிப்பாகம் பிளந்தால் பசையை நம்பாதீர்கள், ஈரத்தில் பிடிக்காது. டியூப் வளையத்தில் ஒன்றை முன்பாதத்திலும் ஒன்றைப் பாதத்தின் நடுவிலும் மாட்டினால் வழுக்காமல் சாலைவரை நடந்துவிடலாம்.